சூறாவளிக்கு முந்திய நாட்களில் ஒரு சிறு படகு



அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேற்குக் கரையில், கரீபியன் தீவுகளிலும் ஃபுளோரிடா முதலிய அமெரிக்க மாநிலங்களிலும் வசிப்பவர்கள், ஜூன் மாதம் 1-ஆம் தேதி தொடங்கி நவம்பர் 30-ஆம் தேதி முடிய உள்ள ஆறு மாத காலத்தையும் சூறாவளிப் பருவம் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். அதிலும் ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியும் செப்டம்பர் மாதமும் மிகுந்த உக்கிரம் உடையவை. அவர்கள் ஹரிக்கேன் என்று சொல்லும் அந்தச் சூறாவளியும், நம் வங்காள விரிகுடாவில் ஐப்பசி கார்த்திகையில் உருவாகிக் கரையேறும் கடும்புயலும் பிறப்பாலும் குணத்தாலும் ஒன்றே. சமுத்திர ஜலத்தின் வெப்பமே இரண்டுக்கும் ஆகாரம். பெரிய கப்பல்கள் புயலின் பாதையை முன்கூட்டியே அறிந்து விலகிப் போய்விடும் வேகமும் சாதனங்களும் உடையவை. ஆனால், பல வருஷங்களாகச் சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு, இருபத்தைந்தோ முப்பதோ அடி நீளமுள்ள ஒரு படகை வாங்கி, அதைக் கொண்டே மீன் பிடித்தோ, பிரயாணிகளை ஏற்றியோ, சில இடங்களில் அதையே வீடாகக் கொண்டோ ஜீவனம் நடத்துகிற மனிதனுக்கு அப்படி விலகி ஓட வழியில்லை. அவன் தன் படகைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்யக்கூடும் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

முதலில் காற்றின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஒரு பொருளின் மேல் மோதும் பலம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, தன் எதிரே நிமிர்ந்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறக்குறைய 47 கிலோ எடையைச் சாய்த்து வைத்தாற்போல் அழுத்துகிறது. வேகம் 200 கிலோமீட்டரானால் அழுத்தம் 190 கிலோவுக்கு அருகில் போய்விடுகிறது. ஹெர்பர்ட் ஸாஃபிர் என்னும் பொறியியலாளரும் ராபர்ட் ஸிம்ப்ஸன் என்னும் வானிலை அறிஞரும் சேர்ந்து வகுத்த அளவுகோலில், முதற்படியின் சூறாவளி 119 கிலோமீட்டரில் தொடங்குகிறது. ஐந்தாம் படி 252 கிலோமீட்டரில் தொடங்குகிறது. வேகத்தில் இரு மடங்குக்குச் சற்று மேற்பட்ட இந்த வித்தியாசம், மோதும் பலத்தில் நான்கு மடங்கையும் தாண்டிவிடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அனுபவமுள்ள படகோட்டிகள் புயலுக்கு முன் தங்கள் படகை ஏன் மொட்டையடித்து விடுகிறார்கள் என்பது விளங்கும். பாய், கான்வாஸ் விதானம், கொடிக்கம்பம், மேல்தட்டில் கட்டி வைத்த சிறு தோணி, கழற்றக்கூடிய வெளிப்புற எஞ்சின் ஆகிய எல்லாம் இறங்கவேண்டும். பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டோமே, அது போதாதா என்று நினைப்பவர்கள் உண்டு. சுருட்டிய பாயின் ஓரத்தில் விரலளவு தொய்வு கிடைத்தாலும் காற்று அதற்குள் புகுந்து, முழுப் பாயையும் அவிழ்த்து விரித்து, பாய்மரத்தையே முறித்துவிடும். சிறு படகில் பாய்மரத்தையும் இறக்கிப் படுக்க வைத்துவிடுவது உத்தமம்.

ஆனால் காற்று மாத்திரம் வந்தால் பெரும்பாலான படகுகள் பிழைத்துவிடும். காற்றோடு கூட வரும் நீரேற்றமே பெரிய சத்துரு. சூறாவளி கடல் நீரைத் தன் முன்னே தள்ளிக்கொண்டு வந்து கரையின் மேல் குவிக்கிறது. 1989-ஆம் வருஷம் செப்டம்பரில் ஹ்யூகோ சூறாவளி தென் கரோலினாவைத் தாக்கியபோது புல்ஸ் விரிகுடாவில் நீர் ஏறத்தாழ 20 அடி உயர்ந்தது. 2005-ஆம் வருஷம் கத்ரினாவின்போது மிஸிஸிப்பிக் கரையில் அது ஏறக்குறைய 28 அடியை எட்டிற்று. படகுத்துறையில் சேர்ந்தாற்போல் இறுக்கிக் கட்டிய படகின் கதி அப்போது என்னவாகும்? நீர் ஏற ஏறக் கயிறு முறுக்கேறி, ஒன்று கயிறு அறும், அல்லது கட்டிய குமிழ் பெயரும், அல்லது படகின் முன்பகுதியாகிய அணியம் கீழே இழுக்கப்பட்டு நீர் உள்ளே பாயும். நீரோடு உயர்ந்து தாழும்படி கம்பங்களில் கோத்த மிதவைத் துறைகளிலும், கம்பங்கள் போதிய உயரம் இல்லாவிட்டால், துறை முழுவதும் கம்பங்களின் தலைக்கு மேலே எழும்பி, தன்னோடு கட்டிய அத்தனை படகுகளையும் இழுத்துக்கொண்டு மிதந்து போய்விடும். இதற்கு நேர்மாறான விசித்திரமும் உண்டு. 2017-ஆம் வருஷம் இர்மா சூறாவளியின்போது, கரையிலிருந்து கடலை நோக்கி வீசிய காற்றினால் ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் நீர் வெகுதூரம் வற்றிப்போய், தரை தெரிந்தது. ஆகவே படகைக் கட்டுகிறவன் நீர் எவ்வளவு ஏறும் என்பதோடு எவ்வளவு இறங்கும் என்பதையும் யோசித்துக் கயிற்றின் நீளத்தை நிர்ணயிக்க வேண்டும். துறைக்குச் சமீபமாகக் குறுங்கயிறு கட்டுவதைவிட, எதிர்ப்புறத்துக் கம்பங்களுக்கும் தூரத்து மரங்களுக்குமாக நாலா பக்கமும் நீண்ட கயிறுகளை ஓட்டி, படகை நடுவில் நிறுத்துவதே முறை. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு நீரின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்.

நாலா பக்கமும் என்று சொன்னதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பூமியின் வடபாதியில் சூறாவளியின் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அதன் கண் நம்மைக் கடந்து போகும்போது, சில நிமிஷங்களோ சில மணி நேரமோ காற்று ஓய்ந்து, வானமும் தெளிந்து, எல்லாம் முடிந்துவிட்டது போன்ற பிரமையை உண்டாக்குகிறது. அப்புறம் நேர் எதிர்த்திசையிலிருந்து அதே உக்கிரத்தோடு காற்று திரும்ப அடிக்கிறது. முதற்பாதியில் எந்தப் பக்கம் மறைவாக இருந்ததோ அந்தப் பக்கமே இரண்டாம் பாதியில் திறந்த வாயாகிவிடும். கிழக்கே மலை இருக்கிறது என்று நம்பி மேற்கே ஒற்றைக் கயிறு கட்டியவனுடைய படகு இரண்டாம் பாதியில்தான் போகும்.

இனி, கயிற்றைப் பற்றி. இவ்விஷயத்தில் நான் சற்று விஸ்தாரமாகப் பேசுவதை நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், எவ்வளவு கவனமாகக் கட்டிய படகும் கடைசியில் கைவிட்டுப் போவது பெரும்பாலும் ஒரு சாண் நீளமுள்ள தேய்வினால்தான். கிணற்றடியில் கயிறு கல்லைத் தேய்த்துப் பள்ளமாக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அங்கே வருஷக்கணக்கில் நடப்பது இங்கே ஓர் இரவில் நடக்கிறது, தேய்வதோ கயிறு. படகின் விளிம்பில் கயிறு படியும் இடத்தில், ஒரு நிமிஷத்துக்குப் பல தடவை அலை இழுக்க, காற்று தள்ள, புரிகள் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன. அந்த இடத்தில் உறை போடவேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. எந்த உறை என்பதில் ஒரு நுட்பம் உண்டு. நைலான் கயிறு நன்றாக நீளக்கூடியது. நீள்வதனாலேயே அது அலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் அதன் இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து உள்ளே சூடேறுகின்றன. மேலே ரப்பர்க் குழாயை இறுகப் போட்டுவிட்டால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி, மழை நீரும் உள்ளே புகுந்து குளிர்விக்க மாட்டாமல், வெளியில் தேய்வே இல்லாத கயிறு உள்ளுக்குள் உருகி அறுந்துவிடுகிறது. அதனால்தான் நீர் ஊடுருவக்கூடிய கனத்த கான்வாஸையோ தோலையோ சுற்றித் தைத்துவிடுவது மேல் என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு திசைக்கும் கயிற்றை இரட்டையாக்கி, ஒன்றைவிட மற்றொன்றைச் சற்றே நீளமாக விட்டு வைத்தால், முதலாவது அறும் சமயத்தில் இரண்டாவது புதுக்கயிறாக வேலைக்கு வரும்.

இவ்வளவும் தண்ணீரில் விட்டு வைக்கும் படகுக்குச் சொன்னது. படகைத் தண்ணீரிலேயே விடாமல், நீரேற்றத்துக்கு எட்டாத மேட்டு நிலத்துக்குக் கொண்டு போய்விடுவதுதான் எல்லாவற்றிலும் சிறந்த உபாயம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். 1985-ஆம் வருஷம் குளோரியா சூறாவளி அமெரிக்காவின் வடகிழக்குக் கரையைத் தாக்கிய பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் நடத்திய ஆராய்ச்சியிலும், கரையேற்றிய படகுகளே அதிகமாகத் தப்பின என்று தெரியவந்தது. முட்டுக்கால்களின் மேல் நிறுத்திய படகானால், முட்டுக்களை எதிரெதிராகச் சங்கிலியால் பிணைத்து, அவற்றின் அடியில் பலகை போட்டு, தரையில் திருகி இறக்கிய இரும்பு முளைகளோடு படகைப் பட்டைகளால் கட்டிவிட வேண்டும். மழையில் மண் இளகினால் முட்டு ஒன்று புதையும், ஒன்று புதைந்தால் வரிசையாக நிற்கும் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும். இழுவை வண்டியில் ஏற்றக்கூடிய சிறு படகு வைத்திருப்பவன் பாக்கியசாலி; ஊருக்கு உள்ளே பத்திருபது மைல் இழுத்துக்கொண்டு போய், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, வண்டியையும் படகையும் தரையோடு கட்டிவிட்டால் அவன் வேலை முடிந்தது. துறையோரத்தில் மின்சாரத் தூக்கியில் படகைத் தொங்கவிட்டு, உயரத்தில் இருக்கிறதே என்று நிம்மதியாகப் போவது மட்டும் கூடாது. மழை நீர் நிரம்பிப் பாரம் தாங்காமல் தூக்கி முறிவதும், நீரேற்றம் வந்து படகைத் தூக்கியோடு மோதி உடைப்பதும் அடிக்கடி நிகழ்வன.

மேட்டு நிலம் வாய்க்காத தீவுகளில் பரம்பரையாகத் தேடிப் போகும் இடம் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே உள்ள சிற்றோடை. நம் பிச்சாவரத்தில் காண்பதைப் போன்ற அந்த மரங்கள் வேர்களைப் பின்னிப் பரப்பி அலையின் வேகத்தை உடைத்துவிடுகின்றன. படகை ஓடைக்குள் செலுத்தி, அணியத்திலிருந்தும் பின்பகுதியாகிய அமரத்திலிருந்தும் இரு கரை மரங்களுக்கும் சிலந்தி வலை போலக் கயிறு பின்னி, கடலை நோக்கி இரண்டு நங்கூரங்களும் இறக்கி வைப்பார்கள். ஆனால் நல்ல அடைக்கலம் என்று பெயர் பெற்ற இடமே சில சமயங்களில் ஆபத்தாகிவிடுகிறது. புவெர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே குலேப்ரா என்ற சிறு தீவில் என்சனாடா ஹோண்டா என்று நிலம் சூழ்ந்த ஒரு விரிகுடா இருக்கிறது. 1989 செப்டம்பரில் ஹ்யூகோ வருகிறது என்று கேட்டதும், சுற்றுவட்டத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கான படகுகள் அங்கே வந்து நங்கூரமிட்டன. 18-ஆம் தேதி புயல் அத்தீவைத் தாக்கிற்று. தன் நங்கூரத்தை நன்றாகப் பாய்ச்சியவனுடைய படகின் மேல் பாய்ச்சாதவனுடைய படகு வந்து விழ, இரண்டும் சேர்ந்து மூன்றாவதன் மேல் விழ, விடிந்தபோது பெரும்பாலான படகுகள் கரையோரத்தில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தன. அங்கே போனவர்கள் மூடர்கள் அல்லர். பலர் வாழ்நாள் முழுவதும் கடலில் கழித்தவர்கள். தன் படகின் க்ஷேமம் அயலானுடைய கயிற்றிலும் இருக்கிறது என்பதே அந்த விரிகுடாவில் நடந்ததிலிருந்து தெரிவது. துறையில் பக்கத்துப் படகுக்காரன் ஊரில் இல்லையென்றால் அவன் படகுக்கும் நாமே இரண்டு கயிறு கூடுதலாகக் கட்டிவிடுவது தர்மம் மட்டும் அல்ல, தற்காப்பும் ஆகும். 2018 நவம்பரில் வேதாரண்யத்துக்கு அருகே கஜா புயல் கரையேறியபோது நம் மீனவர்களின் படகுகளும் ஒன்றோடொன்று மோதி நொறுங்கியதை நேயர்களில் பலர் அறிவீர்கள்.

அமெரிக்க வானிலை நிலையத்தார், கடும் காற்று தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்னதாக முதல் அறிவிப்பும், 36 மணி நேரம் முன்னதாக எச்சரிக்கையும் கொடுக்கிறார்கள். அந்த 36 மணி நேரம் தாராளமானது என்று எண்ணுகிறவன் ஏமாறுவான். எல்லாருக்கும் அதே அறிவிப்புத்தான். பளுதூக்கிக்கு வரிசை நிற்கும். கடையில் கயிறு தீர்ந்துவிடும். ஃபுளோரிடாவில், ஜனங்கள் மோட்டார்களில் வெளியேறுவதற்காகத் தூக்குப் பாலங்களைக் கீழிறக்கிப் பூட்டிவிடுவார்கள், அதன் பின் உயரமான படகு எதுவும் ஆற்றுக்குள் போக முடியாது. எந்தக் கயிறு எந்த மரத்துக்கு என்று வரைந்த படமும், அளந்து வெட்டித் தைத்த உறைகளும், புயலே இல்லாத மே மாதத்தில் ஆயத்தமாக இருக்கவேண்டும். எச்சரிக்கை வந்த பிறகு செய்ய மிச்சமிருப்பவை, படகை மொட்டையடித்துக் கயிறுகளைக் கட்டுவதும், நீர் புகும் துவாரங்களை அடைப்பதும், நீரிறைக்கும் பம்பின் பாட்டரி முழுவதும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும், தஸ்தாவேஜுகளை எடுத்துக்கொள்வதுமே. அதற்குப் பின் படகில் யாரும் தங்கக்கூடாது. 160 கிலோமீட்டர் காற்றில் மேல்தட்டில் நிமிர்ந்து நிற்கவோ, அறுந்த கயிற்றை மறுபடி கட்டவோ மனிதனால் ஆகாது. ஆகையால் உள்ளே இருப்பதால் படகுக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. கடைசி முடிச்சைப் போட்டவுடன் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு மேட்டுப் பாங்கான இடத்துக்குப் போய்விட வேண்டும். புயல் கடந்து, நீர் வடிந்து, அறுந்து கிடக்கும் மின்சாரக் கம்பிகளை அப்புறப்படுத்தியதாக அதிகாரிகள் அறிவித்த பிறகே துறைக்குத் திரும்ப வேண்டும்.