தீக்குச்சி விற்ற சிறுமியும் மோட்சமும்

(விருதுநகரில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதின் சாரம்)



ஒரு பொம்மைப் படத்தைப் பற்றி நான் பேசப் போவதாகத் தலைவரவர்கள் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரித்தீர்கள். பேச வேண்டிய சங்கதிகள் எவ்வளவோ இருக்க, சித்திரம் ஆடுவதையும் ஓடுவதையும் பற்றி என்ன பேச்சு என்று நினைக்கலாம். ஆனால் அந்தப் படம் தீக்குச்சி விற்ற ஒரு பெண் குழந்தையைப் பற்றியதாகும். தீக்குச்சியைப் பற்றிப் பேசுவதற்கு விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தைவிட யோக்கியதையுள்ள இடம் வேறு எதுவென்று கேட்கின்றேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க் தேசத்தில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் என்று ஒரு கதாசிரியர் இருந்தார். 1805ல் பிறந்து 1875ல் இறந்தவர். செருப்புத் தைக்கும் ஏழைத் தொழிலாளியின் மகன். அவருடைய தாயார் சிறு வயதில் பிச்சையெடுக்க அனுப்பப்பட்டவர். அவர் 1845ல் இந்தக் கதையை எழுதினார். வருஷத்தின் கடைசி நாள் இரவு, கடும் பனி. காலில் செருப்பில்லாத ஒரு சிறுமி தெருவில் தீக்குச்சி விற்கிறாள். ஒருவரும் வாங்கவில்லை. காசில்லாமல் வீடு திரும்பினால் தகப்பன் அடிப்பான். இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, குளிர் தாங்காமல் ஒரு குச்சியைக் கிழிக்கிறாள். அந்த வெளிச்சத்தில் கனப்படுப்புத் தெரிகிறது. அடுத்த குச்சியில் வறுத்த வாத்தும் சாப்பாட்டு மேஜையும் தெரிகின்றன. அதற்கடுத்ததில் விளக்குகள் ஜொலிக்கும் பண்டிகை மரம். கடைசியில், செத்துப்போன பாட்டி. பாட்டி மறைந்துவிடக் கூடாதென்று கட்டு முழுவதையும் கொளுத்துகிறாள். பாட்டி அவளைத் தூக்கிக்கொண்டு கடவுளிடம் போய்விடுகிறாள். விடிந்ததும் ஜனங்கள் பார்த்தது விறைத்துப்போன பிணம்.

படம் என்ன செய்தது?

இந்தக் கதையை அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனிக்காக சார்லஸ் மின்ட்ஸ் என்பவர் 1937ல் வர்ணச் சித்திரப் படமாகத் தயாரித்தார். சில நிமிஷங்களே ஓடும் சிறு படம். அந்த வருஷத்து ஆஸ்கார் பரிசுக்குப் போட்டியிட்டது. பரிசு டிஸ்னியின் 'பழைய காற்றாலை' என்ற படத்திற்குப் போயிற்று. இன்றைக்குக் கைப்பேசியிலேயே அதைப் பார்க்கலாம்.

படக்காரர்கள் கதையைப் பல விதத்தில் மாற்றினார்கள். டென்மார்க்குத் தெருவை எடுத்துவிட்டு, மின்சார விளக்கெரியும் அமெரிக்கப் பட்டணத்தை வைத்தார்கள். வருஷப் பிறப்புக் கொண்டாட்டத்தில் ஆடிப்பாடும் பெருங்கூட்டத்தின் நடுவில் குழந்தையை நிறுத்தினார்கள். அடுப்பையும் வாத்தையும் விட்டுவிட்டு, மேக லோகத்தையும், சிறகு முளைத்த குழந்தைகளையும், அவளுக்கென்று ஒரு பொம்மையையும் காட்டினார்கள். பிறகு புயலடித்து அந்தக் கனவு கலைகிறது. இவ்வளவையும் மாற்றத் துணிந்தவர்கள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. குழந்தை பனியில் சாகிறது. தேவதை வந்து மேலே தூக்கிப் போகிறது! 2006ல் டிஸ்னி கம்பெனியாரும் இதே கதையைப் படமெடுத்தார்கள். கதை ருஷியாவுக்குப் போயிற்று. பேச்சே இல்லாமல் சங்கீதம் மட்டும் வைத்தார்கள். ஆனால் சாவையும் பாட்டியையும் விடவில்லை.

மோட்சம் யாருக்கு?

அந்த மோட்சம் யாருக்காக வைக்கப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கென்றால், அதுதான் செத்துவிட்டதே! தெருவில் போனவர்களுக்கா? அவள் கண்ட காட்சி அவர்களில் ஒருவருக்கும் தெரியாதென்று ஆண்டர்சனே எழுதுகிறார். அப்படியானால் அந்த மோட்சத்தைப் பார்த்தவர் யார்? புஸ்தகம் படிக்கிற நீங்களும் படம் பார்க்கிற நானுந்தான். எனவே அந்த மோட்சம் குழந்தைக்குக் கிடைத்த ஆறுதலல்ல. பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆறுதலேயாகும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கோ நன்றாயிருக்கிறாள்" என்று நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவதற்காக வைத்தது. நம்மூரில் "அவள் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு நகருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சிலர், "கதைதானே, இதிலென்ன மோசம்?" என்பார்கள். ஆண்டர்சன்மேல் எனக்கு வருத்தமில்லை. பெரிய மனிதர்கள் ஏறெடுத்துப் பாராத குழந்தையைப் பார்க்க வைத்தவர் அவர். ஆனால் அவள் ஆசைப்பட்டது என்ன? கொஞ்சம் சூடு, ஒரு வேளைச் சோறு. இவ்விரண்டையும் கொடுக்கத் தேவதை எதற்கு? அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவும் போதுமே!

லண்டன் பெண்கள்

கதைப் பெண்ணை விட்டு நிஜப் பெண்களுக்கு வருவோம். லண்டனில் பிரையண்ட் அண்டு மே என்ற தீப்பெட்டிக் கம்பெனியில் பெண்களும் சிறுமிகளும் வேலை செய்தார்கள். கூலி சொற்பம். பேசினால் அபராதம், கால் அழுக்காயிருந்தால் அபராதம். குச்சிக்கு வைத்த வெள்ளைப் பாஸ்பரஸ் பலருக்குத் தாடை எலும்பையே அழுகச் செய்தது. 1888 ஜூன் மாதத்தில் ஓர் அம்மையார் இதைப் பத்திரிகையில் அம்பலப்படுத்தினார். ஜூலையில் சுமார் 1400 பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். சில வாரத்திலேயே ஜெயித்தார்கள். அபராதம் ஒழிந்தது, மருந்து படாமல் சாப்பிடத் தனி இடம் கிடைத்தது, சங்கமும் ஏற்பட்டது.

எழுதிய அம்மையார் யாரென்றால் அன்னி பெசண்டுதான். அக்காலத்தில் அவர் நாஸ்திகர். அடுத்த வருஷமே தியாசபியில் சேர்ந்து, 1893ல் இந்தியாவுக்கு வந்து, பிறகு நமக்குப் பூர்வ ஜன்மமும் கர்மமும் போதித்தார். அவர் கர்மத்தை நம்பாத காலத்தில்தான் தீக்குச்சிப் பெண்களுக்கு விமோசனம் தேடிக் கொடுத்தார் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

அந்த விஷ மருந்தை டென்மார்க் 1874லும், இந்தியா 1913லும் சட்டம் போட்டுத் தடுத்தன. படம் வந்த மறு வருஷமான 1938ல் அமெரிக்க சர்க்கார், பல தொழில்களில் 16 வயதுக்குட்பட்டவர்களை வேலை வாங்குவதைத் தடுக்கச் சட்டம் செய்தது. இவற்றில் எதையும் தேவதை கொண்டுவரவில்லை.

நம்முடைய சங்கதி

சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, மறு வருஷம் இங்கே ஆரம்பித்தார்கள். வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் அது பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது வாஸ்தவம். அச்சும் பட்டாசும் சேர்ந்து 'குட்டி ஜப்பான்' என்று பெயரும் வந்தது. ஆனால் அந்தப் பெயருக்குள் குழந்தைகளின் கை மறைந்திருந்தது. விடியுமுன்பே ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வரும்; தூக்கம் தெளியாத பெண் குழந்தைகள் ஏறிப் போவார்கள். கட்டையில் குச்சி அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், லேபிள் ஒட்டுவதும் அவர்கள் வேலை. எண்ணிக்கைக்குத் தக்க கூலி. ஆண்டர்சனின் சிறுமி விற்றாள். நம் குழந்தைகள் செய்தார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்.

1976ல் அப்படிப்பட்ட பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் மாண்ட பிறகே சர்க்கார் விழித்து ஹர்பன்ஸ் சிங் கமிட்டியை வைத்தது. 1986ல் குழந்தைத் தொழில் தடைச் சட்டம் வந்தது. 1990ல் சலம் பென்னூர்க்கர் என்பவர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஒரு படமெடுத்தார். அதில் தேவதை வரவில்லை. வேலை செய்யும் குழந்தைகள்தான் வந்தார்கள். எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2016ல், 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும், 18 வயதுக்குட்பட்டவர்களை அபாய வேலைக்கும் வைக்கக்கூடாதென்று சட்டம் திருத்தப்பட்டது.

சோற்றின் சங்கதி என்ன? இதே விருதுநகரில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன காமராசர் முதல் மந்திரியானபோது, 1956ல் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு போட்டார். 1982ல் அது சத்துணவாக விரிந்தது. 2022ல் காலைச் சாப்பாடும் சேர்ந்தது. தீக்குச்சி வெளிச்சத்தில் தெரிந்த வாத்து ஒரு நொடியில் மறைந்தது. பள்ளிக்கூடத்துத் தட்டில் விழுந்த சோறு மறையவில்லை!

செய்ய வேண்டியது

ஆனால் காரியம் முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். முன்போல் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக ஆபீசுக்குப் போவதில்லை, சந்தோஷந்தான். ஆனால் 2012ல் முதலிப்பட்டியில் பட்டாசு வெடித்து 30க்கு மேற்பட்டோர் மாண்டார்களே, அவர்களும் யாரோ சில குழந்தைகளின் தாய் தகப்பன்மார்தானே? பெரியவர்களின் கூலியும் உயிரும் கெட்டியாயிருந்தால்தான் பிள்ளையின் படிப்பு கெட்டியாயிருக்கும். அபாயமில்லாத குடும்ப வேலையில் பள்ளிக்கூட நேரம் போகக் குழந்தை உதவலாமென்று அந்த 2016ஆம் வருஷத் திருத்தத்திலேயே ஒரு சந்து விடப்பட்டிருக்கிறது. அந்தச் சந்து வழியே பசைக் கிண்ணம் மறுபடி பிள்ளை கைக்கு வராமல் பார்த்துக்கொள்வது தாய்மார்களின் பொறுப்பு மட்டுமல்ல, தகப்பன்மார்களின் பொறுப்புமாகும்.

அந்தப் படத்தை உங்கள் குழந்தைகளுக்குத் தாராளமாய்க் காட்டுங்கள். முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தக் குழந்தை ஏன் பள்ளிக்கூடத்தில் இல்லை? குச்சி விற்ற காசில் லாபம் யாருக்கு? அந்தக் கூட்டத்தில் ஒருவன் நின்றிருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும்? குழந்தைகள் சரியாகவே பதில் சொல்லுவார்கள். பிறகு உங்கள் தெருவில் இந்த வருஷம் படிப்பை நிறுத்திய பெண் யாரென்று விசாரித்து, அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

தேவதை வருமென்று காத்திருந்த கதையில் குழந்தை செத்தது. மனிதர் போய்க் கதவைத் தட்டிய இடத்தில் குழந்தை பிழைத்தது. இரண்டில் எது வேண்டுமென்பதை உங்கள் பகுத்தறிவுக்கே விட்டுவிட்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.