ஒன்பது இலக்க எண்

கொல்கத்தா சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் நல்ல கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைய. நடுவே போலி கால் சென்டர்களும் முளைக்கும். அந்தப் பகுதியின் பிதான்நகர் போலீஸ் அவற்றைப் பலமுறை பிடித்திருக்கிறது. அப்படியொரு போலி கால் சென்டரிலிருந்து அமெரிக்காவில் ஒரு பெரியவருக்குப் போன்: "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்!" நம்பவைக்க, விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்ற பதிவேட்டைத் திறக்கச் சொல்வார்கள். சிவப்புக் குறியோடு பிழைகள் வரிசைகட்டி நிற்கும். நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் நிற்கும். பாவம், அவருக்கு அது தெரியாது. அடுத்து எனிடெஸ்க் மாதிரி ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். அது நாணயமான செயலிதான், ஆபீஸ்களில் தினமும் புழங்குவது. அதில் வரும் ஒன்பது (சில நேரம் பத்து) இலக்க எண்ணைச் சொல்லி அனுமதியும் கொடுத்தால், திரை அவர்கள் கையில். 2019 பிப்ரவரியிலேயே நம் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி எச்சரித்தது. இந்தியாவில் நீங்களே இப்படி மாட்டிக்கொண்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.