அரும்பொருளகமும் ஒரு பள்ளிக்கூடமே
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பார்க்க மனம் குளிர்கிறது. ஆனால், ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் இவர்களில் சிலர் ஊமையாகிவிடுகிறார்கள். விடை தெரியும், மலாயில் சொல்ல வார்த்தை வராது. நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான்.

என் பயத்தைப் போக்கியவர் பால்மரம் வெட்டிய என் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்திற்குக் கூட்டிப்போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கத்தி. 'பீசாவ் தோரே' என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன்; அர்த்தம் தெரியவில்லை. எழுத்தறியாத அப்பா சிரித்தார். "அட, நம்ம பால் வெட்டுற கத்திடா! தோரேன்னா கீறுறது" என்றார். எழுத்து என்னிடம் இருந்தது. அர்த்தம் அவரிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்ததும் பயம் போயிற்று.

ஆகவே பெற்றோர்களே, "எங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று ஒதுங்காதீர்கள். வேலைக்காட்டிலும் சந்தையிலும் நீங்கள் பேசும் பாசார் மலாயில் எத்தனையோ சொற்கள் உண்டு. அவற்றின் திருத்தமான எழுத்து வடிவம் அரும்பொருளகத்தின் பெயர் அட்டைகளில் இருக்கிறது.

தேசிய அரும்பொருளகம் 1963 ஆகஸ்டு 31இல் திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் மக்களுக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தே போகலாம். எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம். மூன்றே பொருள் போதும். அதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பெயரை நோட்டில் எழுதி, படமும் வரையட்டும். "இனி அப்பா?" என்று கேளுங்கள். அப்பாவைக் கூப்பிடுவதாக நினைக்காதீர்கள். மலாயில் அதற்கு 'இது என்ன?' என்று அர்த்தம்! பிள்ளை முழு வாக்கியமாகப் பதில் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். அன்றிரவு, பார்த்ததை அம்மாவிடம் முதலில் தமிழிலும் பிறகு மலாயிலும் சொல்லட்டும்.

மாணவச் செல்வங்களே! மலாய் நமக்கு அந்நியமல்ல. நம் கப்பல் அங்கே 'காப்பால்', கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்'. கடல் கடந்து வணிகம் செய்தவர்களோடு நம் சொற்களும் வந்து இந்த மண்ணில் தங்கிவிட்டன. தமிழை நன்றாகக் கற்றவனுக்கு மலாயின் வாசல் பாதி திறந்தே இருக்கிறது. ஒன்றைப் படிக்க இன்னொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். பிள்ளையின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். கூடவே நீங்களும் போங்கள், அதுதான் முக்கியம்.