கையெழுத்து காக்கவில்லை!

இலண்டன் மாநகரின் வடக்குக் கென்சிங்டனில் கிரென்ஃபெல் என்றோர் 24 அடுக்கு மாடி. அங்கே வாழ்ந்தோரில் பெரும்பாலோர் வாடகைக் குடிகள்.

2017 ஜூன் 14ஆம் நாள், ஊர் உறங்கிய வேளை. நான்காம் மாடியிலே மூண்ட தீ, வெளிச்சுவருக்குப் போர்த்திய புதுத் தகடுகளைப் பற்றி உச்சிவரை ஏறிற்று. மாண்டோர் 72 பேர்!

தகட்டின் உள்ளே இருந்தது என்ன? எரிந்து உருகும் பாலிஎத்திலீன்! வெளிச்சுவர் தீப்பரவலைத் தடுத்திட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. விதி இருந்தது, காத்திட அலுவலகம் இருந்தது, 2016இல் நிறைவுச் சான்றிதழும் தரப்பட்டது. தந்தது எவர்? மாடிக்கு உடைமையாளரான நகர மன்றத்தின் கட்டடத் துறையேதான்!

தகடு விற்றவர் குற்றவாளி அல்லரோ என்பீர். ஐயமென்ன? ஆனால், விற்றவனை நம்பியா மக்கள் கண்ணயர்ந்தனர்? அரசின் கையெழுத்தை நம்பியல்லவா!

அத்துறை கடமை தவறியது என 2024இல் விசாரணை அறிக்கை கூறிற்று. சாவுகள் அனைத்துமே தவிர்த்திருக்கக் கூடியவை என்றார் விசாரணைத் தலைவர். உயர்ந்த குடியிருப்புகளைக் கட்டுவோர், தமக்குப் பிடித்த ஆய்வாளரைத் தாமே அமர்த்திக்கொள்ளும் வழியை 2022ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. 72 பிணங்கள் விழுந்த பிறகு!

மன்றங்களிலே அமர்ந்திருக்கும் தோழர்களே! சான்றிதழ் உங்கள் மேசைக்கு வரும்போது கேளுங்கள்: சுவரைக் கண்டது யார்? சோதித்தது எவர்? காணாமல் இடும் கையெழுத்து, ஏழையின் தலைக்கு மேல் தொங்கும் கொள்ளி!