மடக்கு மேசையின் வேலைப்பாடு



ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களும் ஈய லம்பங்களும் இருந்த நிலங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. லயத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த நமக்கு இடநெருக்கடி புதிதன்று. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட மேசை வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பாய் விரிக்க இடமும் வேண்டும். இதற்கு இங்கிலாந்துத் தச்சர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி கண்டார்கள். அதுதான் மடக்கு மேசை. அதன் வேலைப்பாட்டை இன்று பார்ப்போம்.

நடுவில் அகலம் குறைந்த ஒரு பலகை நிலையாக இருக்கும். அதன் இரு பக்கமும் இரண்டு சிறகுப் பலகைகள் தொங்கும். சிறகைத் தூக்கி, வேலிப் படலைத் திறப்பதுபோல் ஒரு காலை வெளியே இழுத்தால், அந்தக் கால் சிறகைத் தாங்கிக்கொள்ளும். பல பழைய மேசைகளில் அந்தக் கால் திரும்புவதற்கு இரும்புக் கீல் கிடையாது. இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல் கட்டைகளையே வெட்டிக் கோத்து, நடுவே ஒரு கம்பியைச் செருகியிருப்பார்கள்.

அடுத்தது, சிறகு சேரும் விளிம்பு. 18ஆம் நூற்றாண்டு மேசைகளில் நடுப்பலகையின் விளிம்பை வெளிப்புறம் உருண்டையாகவும், சிறகின் விளிம்பை அதற்கேற்பக் குழிவாகவும் இழைத்தார்கள். சிறகு தொங்கும்போது இடைவெளியும் தெரியாது, கீலும் தெரியாது. தூக்கும்போது சிறகின் குழிவு உருண்டையின்மேல் அமர்கிறது. ஆகவே பாரம் முழுவதும் திருகாணிகளில் விழுவதில்லை. கீலின் அச்சு அந்த வளைவின் நடுமையத்தில் சரியாக அமைய வேண்டும். சிறிது பிசகினாலும் பலகைகள் உரசும். அல்லது இடைவெளி விடும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான பாடம் ஒன்று உண்டு. வெட்டி அறுத்த பிறகும் மரம் அசைகிறது. மழை நாளில் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது; வறட்சியில் சுருங்குகிறது. நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு; அகலவாக்கில்தான் அதிகம். ஆகவே நல்ல தச்சர் மேற்பலகையைச் சட்டத்தோடு அசையாதபடி இறுக்கிவிட மாட்டார். அது நகரச் சிறிது இடம் விடுவார். வட்டமாகச் செய்த பழைய மேசையை அளவுநாடாவால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். குறுக்களவு சற்றுக் குறைந்திருக்கும். மேசையின் வயதுக்கு அது ஒரு சாட்சி. பலகையின் அடிப்புறத்தில் வளைந்த அறுப்புத் தடங்கள் இருந்தால், அது 19ஆம் நூற்றாண்டில் பரவிய வட்ட ரம்பத்தின் வேலை என்று அறியலாம்.

இப்படிப்பட்ட பழைய மேசை ஆட்டம் கண்டால், ஆணி அடித்து இறுக்கிவிடக் கூடாது. அசைய வேண்டிய பலகையை ஆணி பிடித்து நிறுத்தினால், பலகை பிளந்துபோகும். ஆணி அடித்த மேசையின் விலையும் விழுந்துவிடும். தளர்ந்த இணைப்பைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையிட்டுச் சேர்ப்பதே முறை.

இனி, நம் பால்மரத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் பால் வற்றி வெட்டிய மரம் விறகாக எரிந்தது. ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தவும் அதுவே எரிந்தது. அறுத்த பலகையில் விரைவில் நீலக்கறை படியும், வண்டும் துளைக்கும். அதனால் மேசைக்கு உதவாத மரம் என்று தள்ளினார்கள். பின்னர், அறுத்தவுடன் போரான் மருந்தை ஊட்டி, சூளையில் உலர்த்தும் முறை கைகூடியது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகள் இதற்குத் துணைநின்றன. 1980ஆம் ஆண்டுகளில் இத்தொழில் வேகமாக வளர்ந்தது. இன்று மலேசியாவிலிருந்து ஏற்றுமதியாகும் மர நாற்காலி மேசைகளில் பெரும்பகுதி பால்மரத்தில் செய்தவை. அவற்றில் மடக்கு மேசைகளும் உண்டு.

நம் பெற்றோர் இருட்டோடு எழுந்து அந்த மரத்தில் பால் வெட்டினார்கள். மங்கு நிறைந்தால்தான் அதற்கு மதிப்பு. அதே மரம் இன்று உணவு மேசையாகக் கடல் கடக்கிறது என்றால், மரத்தின் குணத்தை அறிந்த மூளையும் அளந்து வெட்டத் தெரிந்த கையும்தான் காரணம்.

பெற்றோர்களே, தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளை உளியையும் அளவுகோலையும் ஆசையோடு எடுத்தால், "படிப்பு ஏறாதவன்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். கீலின் மையத்தைக் கண்டுபிடிப்பது கணக்கு. மரத்தின் அசைவை அறிவது அறிவியல். அந்தக் கையை முறையான தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள். நம் பால்மரம் மேசையாகும்போது, அந்த வேலையின் கூலியும் பெயரும் நம் பிள்ளைகளுக்கும் சேரட்டும்.