எலியின் வலியும் மனிதரின் வலியும்

தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில், மேற்படிப்பு மாணவர்கள் மூட்டுவலி, தோள்வலி பற்றியும் ஆய்வேடு எழுதுகிறார்கள். வலி மருந்து ஆய்வு பெரும்பாலும் எலியில் தொடங்கும். சூடான தட்டில் விட்ட எலி எத்தனை நொடியில் பாதத்தை நக்குகிறது என்று ஸ்டாப்வாட்சும் கையுமாகக் குறிப்பார்கள். மருந்துக்குப் பின் அந்த நேரம் நீண்டால் வலி குறைந்ததாகக் கணக்கு.

மனிதரிடம் இந்தக் கணக்கு பலமுறை பொய்த்திருக்கிறது. 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்துகள் எலிகளிடம் வலியை அடக்கின, நோயாளிகளிடம் எடுபடவில்லை. அவ்வகையைச் சேர்ந்த அப்ரெபிடன்ட், 2003இல் வாந்தியைத் தடுக்கும் மருந்தாக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

ஆகவே இளம் ஆய்வாளர் நோயாளியிடம் கேட்கப் பழக வேண்டும். 10 சென்டிமீட்டர் கோட்டில் வலியின் அளவை நோயாளியே குறிப்பார். படியேற முடிகிறதா, தூக்கம் வருகிறதா என்பதும் பதிவாகும். வெற்று மாத்திரையிலும் சிலருக்கு வலி குறைவதால் ஒப்பீட்டுக் குழு அவசியம். மாத்திரைக்குப் போலி செய்துவிடலாம். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் தொக்கணத்துக்குப் போலி செய்வதுதான் பெரும்பாடு.

மருந்துச் சோதனைகளைத் தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிந்தாக வேண்டும்.