ஆவாரையை விதைத்து வளர்ப்போம்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



தைப் பொங்கலை ஒட்டிக் காப்புக் கட்ட ஆவாரம்பூ வேண்டும். கண்மாய்க் கரையிலும் வண்டிப்பாதை ஓரத்திலும் பறித்து வந்த அந்தப் பூவை இன்று மதுரைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குவோர் உளர். புறம்போக்கைச் சீமைக்கருவேலம் கவர்ந்துகொண்டது ஒரு காரணம். காய் முற்றுமுன் கிளையோடு ஒடித்த நம் கையும் ஒரு காரணமே.

திருமங்கலம், கள்ளிக்குடி போன்ற மானாவாரிப் பகுதிகளுக்கு இயல்பாகவே பொருந்திய செடி இது. கால்நடைகள் இதை விரும்பி மேய்வதில்லை. முற்காலத்தில் இதன் பட்டையைக் கொண்டே தென்னாட்டில் தோல் பதனிட்டனர். தழை நெல் வயலுக்கு உரமாகும். பயறு இனத்தைச் சேர்ந்ததாயினும் இதன் வேரில் முடிச்சுகள் உண்டாவதில்லை; ஆகவே தழையை வெட்டி வயலில் மிதித்தால்தான் பயன்.

விதைப்பில் நாங்கள் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறோம். ஒரு விழா நாளன்று, மூட்டையிலிருந்த விதையை அப்படியே கண்மாய்க் கரையில் தூவினோம். மழையும் பெய்தது. முளைத்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். விதை சொத்தை என்று பணியாளரைக் கடிந்துகொண்டோம். "வெந்நீர் காட்டினீர்களா, ஐயா?" என்று ஒரு முதிய விவசாயி கேட்ட பின்னரே எங்கள் அறியாமை விளங்கிற்று.

ஆவாரை விதையின் தோல் மிகக் கடினமானது. தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதைமேல் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் உப்பியிருப்பவை விதைப்புக்கு ஆயத்தமானவை. உப்பாதவற்றைச் சொரசொரப்பான மணலோடு தேய்த்து மீண்டும் ஊறவிடலாம். விதையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுதல் கூடாது.

ஊறிய விதை காத்திருக்காது. ஆகவே புழுதியில் விதைக்க வேண்டா. ஐப்பசி மழையில் மண் நன்கு நனைந்த பின், விரற்கணு ஆழத்துக்கும் குறைவாக ஊன்றுங்கள். ஆணிவேர் விரைந்து ஆழமாக இறங்குமாதலால், நிற்கும் இடத்திலேயே விதைப்பது நன்று. நிழலில் இது தழைக்காது. சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றிய வெளியே ஏற்ற இடம்.

முதலாண்டில் பூவைப் பறிக்க வேண்டா. காய்கள் பழுப்பேறியதும் பாதியைச் செடியிலேயே விட்டு, மீதியை நிழலில் உலர்த்தி விதை எடுங்கள். இவ்வாண்டு ஐப்பசிக்கு முன் பஞ்சாயத்துக்கு ஒரு படி விதையேனும் சேர்ந்துவிட்டால், ஊறவைக்கும் நாளன்று நாங்களும் வருகிறோம்.